முள்ளோடு வரும் கரும்பூஞ்சை

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் வேலை என்றாலே காலும் கையும் மண்ணிலும் முள்ளிலும்தான். தோப்பில் விழுந்து கிடக்கும் தென்னை மட்டையை இழுத்தால் சிராய் ஏறுகிறது. பாதையோரத் தாழை மடல் கெண்டைக்காலைக் கீறுகிறது. காட்டுப் பிரம்பின் முள் உள்ளங்கையில் ஒடிந்து தங்கிவிடுகிறது. இந்தக் காயங்களில் அநேகமாக எல்லாமே ஒரு வாரத்தில் ஆறிவிடும். மிக அரிதாக ஒன்று ஆறியது போலக் காட்டி, தோலுக்கு அடியில் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். அப்படி வளரக்கூடியவற்றுள் ஒரு குடும்பம்தான் கருநிறப் பூஞ்சைகள்.

இவை அரிதானவை. ஆனால் வந்தால் நீண்ட நாள் தங்கும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சின்ன அறுவையோடு முடியும் நோய், பத்து ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தால் காலையே கேட்கிறது. இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வலி இல்லாததுதான். வலிக்காத கட்டிக்காக யாரும் ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

கருமை எதற்கு?

தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் மெலனின் என்ற நிறமி, இந்தப் பூஞ்சைகளின் செல்சுவரிலும் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், வறட்சி, உப்பு ஆகியவற்றைத் தாங்க அது உதவுகிறது. செர்னோபில் அணு உலை வெடித்த சில ஆண்டுகளில் அதன் உட்சுவர்களில் படர்ந்து காணப்பட்டவற்றிலும் கருநிறப் பூஞ்சைகளே முன்னின்றன. மனித உடலுக்குள் இதே நிறமி வேறு வகையில் கைகொடுக்கிறது. நுழைந்த கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் உமிழும் வேதிப்பொருள்களை மெலனின் மட்டுப்படுத்திவிடுகிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட கருநிறப் பூஞ்சை இனங்கள் மனிதரிடம் நோய் உண்டாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. இவற்றின் இயல்பான வீடு மண், மக்கிய மரம், இலைக்குப்பை, முள், உமி. உடலுக்குள் இவை பெரும்பாலும் காயத்தின் வழியே வருகின்றன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியைத் தனித்து வைக்கவோ, தட்டும் டம்ளரும் பிரிக்கவோ எந்தத் தேவையும் இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது "கருப்புப் பூஞ்சை" என்று நாடெங்கும் பேசப்பட்டது மியூகார்மைகோசிஸ். அந்தப் பூஞ்சைக்கு மெலனின் நிறம் கிடையாது. அது ரத்தக்குழாயை அடைப்பதால் இறந்துபோகும் சதைதான் கறுக்கிறது. அது நாள்கணக்கில் பாயும் நோய், சிகிச்சையும் வேறு. இந்த அத்தியாயத்தில் வருபவை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நகர்பவை.

மதுரையில் தொடங்கிய பதிவு

இந்த நோய்களுள் ஒன்று தமிழ்நாட்டு ஊர்ப்பெயரோடு உலக மருத்துவ நூல்களில் இடம்பிடித்திருக்கிறது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகளாகப் புண் வைக்கும் ஒரு நோயைக் குறித்துவைத்தார். 1846-இல் அதே மதுரையிலிருந்து கோல்புரூக் என்பவர் எழுதிய அறிக்கையில் "மதுரைக் கால்" என்ற பெயர் வந்தது. பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1860-இல் இது பூஞ்சையால் வருவது என்று வாதிட்டு மைசெடோமா என்று பெயரிட்டார். கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இதே கார்ட்டர்தான். 1905-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ப்ரும்ப்ட், மதுரையை நினைவூட்டும் விதமாக மதுரெல்லா என்ற பூஞ்சைப் பேரினத்தை அமைத்தார். கறுப்பு மணிகளை உண்டாக்கும் மதுரெல்லா மைசெடோமேடிஸ் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

நோயின் அடையாளங்கள் மூன்று: வலியில்லாத வீக்கம், சீழ் வடியும் துளைகள், அந்தச் சீழில் வரும் மணிகள். மூன்றாவதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. உப்புநீர் மருந்தில் நனைத்த சுத்தமான காஸ் துணியை இரவில் துளைமேல் வைத்துக் கட்டுகிறார்கள். காலையில் பிரித்தால், மஞ்சளான கறைக்கு நடுவில் கடுகைவிடச் சிறிய கரிய மணிகள் துணி இழைகளில் சிக்கியிருக்கும். விரலுக்கு இடையே உருட்டினால் கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு மணியும் பூஞ்சை இழைகள் இறுகப் பின்னிய ஒரு குடியிருப்பு.

மணியின் நிறம் சிகிச்சைக்கே வழி சொல்கிறது. கறுப்பென்றால் பூஞ்சை. சிவப்பென்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளே நன்றாக வேலை செய்யும்; பூஞ்சை வகைக்கு அவை பயன்படாது. பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவது காலத்தையும் காலையும் சேர்த்து இழக்கும் வழி.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மைசெடோமாவையும், 2017-இல் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் உள்ளிட்ட ஆழ்பூஞ்சை நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மதுரையில் முதல் குறிப்பு எழுதப்பட்டு 174 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த இடம் கிடைத்தது. செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கும் வயலில் குனிபவர்களுக்கும் வரும் நோய் என்பதால் ஏற்பட்ட தாமதம் அது.

எந்த உருவத்தில் வரும்?

மைசெடோமாவைத் தவிர இன்னும் ஐந்து உருவங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

*மருப் போன்ற படர்புண்.* இதுதான் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ். 1914-இல் பிரேசிலில் பணிபுரிந்த மாக்ஸ் ருடால்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் முதலில் விவரித்தார். இந்தியாவில் முதல் நோயாளி 1957-இல் அசாமிலிருந்து பதிவானார். இமயமலை அடிவாரத்திலும், மழை மிகுந்த கடற்கரைப் பகுதிகளிலும் அதிகம் காணப்படுகிறது. காலில் ஒரு சிறு பருவாகத் தொடங்கி, ஆண்டுகள் போகப் போகச் சொரசொரப்பான மருக்கூட்டமாகப் படரும். உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். காசநோய்ப் புண், சாதாரண மரு, தோல் புற்று என்றெல்லாம் தவறாகக் கருதப்படுவதுண்டு. பல்லாண்டுகள் கவனிக்காமல் விட்டால் புற்றாகவே மாறிய நேர்வுகளும் உண்டு.

*தோலடிக் கட்டி.* கையிலோ காலிலோ ஒற்றையாக, வலியின்றி, உருட்டினால் நகரும் கட்டி. கொழுப்புக் கட்டி என்று அறுத்தெடுத்த பிறகு, சோதனைக்கூடத்தில்தான் உள்ளே பழுப்பு இழைகள் தெரியவரும். சில கட்டிகளின் நடுவில், என்றோ ஏறிய மரச்சிராய் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயாளிகள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

*உள்ளங்கைக் கறை.* ஹோர்டேயா வெர்னெக்கி என்ற பூஞ்சை உப்பை விரும்புவது. உப்பளங்களிலும் கடல்நீரிலும் வாழ்வது. உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ அரிப்பும் வலியும் இல்லாத பழுப்புக் கறையாகப் படரும். ஆபத்தில்லாதது, மேலே தடவும் பூஞ்சை மருந்திலேயே போய்விடும். ஆனால் கருநிறத் தோல் புற்றும் பார்வைக்கு இப்படி இருக்கலாம் என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

*கண் புண்.* கருவிழியில் மட்டை நாரோ இலை நுனியோ உரசிய பிறகு வரும். தென்னிந்தியாவில் கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் முதன்மைக் காரணங்கள். கருநிறப் பூஞ்சைகள் அவற்றுக்கு அடுத்து வருகின்றன. அவற்றுள் ஒன்றான லாசியோடிப்ளோடியா, தேங்காயையும் வாழையையும் அழுகச் செய்யும் அதே பூஞ்சை.

*மூளைக் கட்டி.* மிக அரிது, மிகக் கொடியது. கிளாடோபியாலோபோரா பான்டியானா என்ற பூஞ்சை முக்கியக் காரணம். உலகில் பதிவான நேர்வுகளில் கணிசமானவை இந்தியாவிலிருந்து வந்தவை. நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களும் அவர்களில் உண்டு. ரைனோகிளாடியெல்லா மெக்கென்சி என்ற இன்னொன்று பெரும்பாலும் மத்திய கிழக்கு நாடுகளில் வாழ்ந்தவர்களிடம் காணப்படுகிறது. வளைகுடா வேலையிலிருந்து திரும்பியவருக்குத் தீராத தலைவலி, ஒரு பக்கக் கைகால் பலவீனம், புதிதாக வலிப்பு ஆகியவை வந்தால், எந்த நாட்டில் இருந்தார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேம்பல் பேயில் ஏன் கூடுதல் கவனம்?

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. எப்போதும் ஈரமான இலைக்குப்பை. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறி வெட்டித் திருத்திய தென்னை, பாக்குத் தோப்புகள். அதற்கு அப்பால் பெருங்காடு. மரத்தோடும் மண்ணோடும் அன்றாடம் உரசும் வாழ்க்கை இது. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்களும் இதே தோப்புகளில்தான் உழைக்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை உருக்குலைத்தது. அதே அலையில் காயம்பட்டுப் பிழைத்த ஒருவரின் மென்திசுக்களில், காலம் கடந்து கிளாடோபியாலோபோரா பான்டியானாவும் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் அப்செசஸும் ஒருசேரத் தொற்றியிருந்ததை ஸ்வீடன் மருத்துவர்கள் 2006-இல் பதிவு செய்தார்கள். சேறும் முறிந்த மரமும் கலந்த நீரில் பட்ட காயம் ஆறிய பின்பும் கண்காணிக்கப்பட வேண்டியது என்பதற்கு அது நேரடிச் சான்று. புயல், வெள்ளத்துக்குப் பின்னும் இதே விதிதான்.

பெரிய மருத்துவமனை உள்ள போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜய புரம், இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பலின் நாளையும் கடலின் நிலையையும் பார்த்துத்தான் பயணம். ஆகவே உள்ளூரில் செய்யக்கூடியதைச் சரியாகச் செய்து முடிப்பது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

காயம் பட்டவுடன்

1. ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். மண்துகள் ஒன்றுகூட உள்ளே நிற்கக் கூடாது.

2. முள்ளை முழுவதுமாக எடுக்க வேண்டும். கொதிநீரில் போட்டெடுத்த சாமணம் போதும். ஆழத்தில் ஒடிந்திருந்தால் ஊக்கால் குடையாமல் சுகாதார நிலையத்துக்குப் போவதே சரி.

3. சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை, சாணம் எதையும் வைக்கக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. தேதியையும், குத்தியது எது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. புதிதாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

5. கண்ணில் அடிபட்டால் கணக்கு நாளில் இல்லை, மணியில். தாய்ப்பால், இலைச்சாறு, பழைய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை வேகமாகப் பரப்பும். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளைகளில், 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தருகிறது என்று 2013-இல் வெளியான அதன் முடிவு காட்டியது. எந்தச் சொட்டு என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். சீக்கிரம் போய்ச் சேர்வது மட்டுமே நோயாளி கையில் இருக்கிறது.

6. பெயர் தெரியாத களிம்பு வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல படைக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சிவப்பு குறையும்; பூஞ்சை உள்ளே தழைக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி

மருப் போன்ற புண்ணில் எங்கே சுரண்டுவது என்பதே முக்கியம். கரும்புள்ளி இருக்கும் இடத்தில் சுரண்ட வேண்டும். உடல் வெளியே தள்ளும் பூஞ்சை அங்கேதான் குவிகிறது. சுரண்டிய பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேல்தகட்டால் மூடிச் சற்றுப் பொறுத்தால் தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்ணோக்கியில், வெளிறிய பின்னணியில், தடித்த சுவரும் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிவுக் கோடுகளும் கொண்ட பழுப்பு உருண்டைகள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி நிற்கும். நிறத்தை வைத்து மருத்துவர்கள் செப்புக்காசு என்று சொல்வது இவற்றைத்தான். சாயம் எதுவும் ஏற்றாமலே பழுப்பாகத் தெரிவதுதான் இவற்றின் கையெழுத்து. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கும் அதே நுண்ணோக்கி போதும்.

சதைத் துணுக்கு எடுத்து அனுப்புவதானால் இரண்டு புட்டிகள் வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், அது திசுவைச் சீவிப் பார்க்க. மற்றொன்றில் கிருமி நீக்கிய உப்புநீர். அது பூஞ்சையை வளர்த்துப் பார்க்க. ஃபார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும், அதன்பின் வளராது. ஒரே புட்டியில் போட்டு அனுப்பியதால், இரண்டாம் முறை கத்தி வைக்க நேர்ந்தால் அந்த வேதனை நோயாளிக்குத்தான். சீட்டில் "பூஞ்சை சந்தேகம்" என்று தெளிவாக எழுத வேண்டும். சாதாரண பாக்டீரியா வளர்ப்பை ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள். கருநிறப் பூஞ்சைக்கு நான்கு வாரம்வரை காத்திருக்க வேண்டும். கரிய வெல்வெட்டாய் அது மெல்லத்தான் எழும்பும். இனத்தை உறுதிசெய்வது கடினமானால், சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய நோய்ப்பூஞ்சைச் சேமிப்பகம் அதற்கான இடம்.

கோழி, பூனை, நாய்

விலங்குகளும் இதற்கு விலக்கில்லை. பூனைக்கு மூக்கின் மேலோ பாதவிரலிலோ உருண்டையாக முடிச்சு வரும். அறுத்தெடுப்பதே முதல் வழி. நாயையும் பூனையையும் கிளாடோபியாலோபோரா மூளையில் தாக்குவதுண்டு. தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். கோழிக்குஞ்சுகளுக்கும் வான்கோழிகளுக்கும் வெருகோனிஸ் கேலோபாவா என்ற வெப்பம் விரும்பும் பூஞ்சையால் மூளைத் தொற்று வருகிறது. கூட்டின் படுக்கைத் தூள் ஈரமாகிப் புழுங்கிச் சூடேறும்போது அது பெருகும். மழைக்காலத்தில் படுக்கையைக் கிளறிக் காயவைப்பதும், ஈரமானதை மாற்றுவதும் போதுமான தற்காப்பு.

கடலோரத்தில் வாழ்பவர்கள் பிரேசிலின் அனுபவத்தையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே சதுப்புநில நண்டுகள் சோர்ந்து, நிமிரக்கூட முடியாமல் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் எக்சோபியாலா கேன்செரே என்ற கரும்பூஞ்சை. அலையாத்திக் காட்டில் காரணம் தெரியாமல் நண்டுகள் செத்துக் கிடந்தால் அள்ளிச் சமைக்காமல், வனத்துறைக்கோ மீன்வளத்துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

இந்தக் கரும்பூஞ்சைகள் வளர்ப்பு விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. இருந்தாலும் புண் உள்ள பூனையைக் கையுறையோடு தொடுவதே சரி. பிரேசிலில் பூனை கீறியும் கடித்தும் மனிதருக்குப் பரவும் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற வேறொரு பூஞ்சை உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டு புண்ணையும் பிரித்தறிய முடியாது.

ஊசி வழியாகவும்

2012-இல் அமெரிக்காவில், ஒரு மருந்துக் கலவை நிறுவனம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் எக்சரோஹைலம் என்ற கரும்பூஞ்சை கலந்திருந்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றார்கள். 64 பேர் இறந்தார்கள். புல்லில் வாழும் ஒரு பூஞ்சை முதுகுத்தண்டுவரை போக ஒரு புட்டியின் அசுத்தம் போதுமானதாக இருந்தது. மூட்டுக்குள் போடும் ஊசியை, புட்டியைக் கண்ணெதிரே பிரித்துப் போடும் இடத்தில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையும் கப்பல் அட்டவணையும்

சிறிய புண்ணை முழுவதுமாக அறுத்தெடுப்பதே சிறந்தது. பரவியதற்கு இட்ரகோனசோல், டெர்பினாஃபைன் ஆகிய மாத்திரைகள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சில சமயம் அதற்கும் மேல் தேவைப்படும். திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும், கட்டுப்படுத்திய வெப்பம் கொடுப்பதும் துணைச் சிகிச்சைகள். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் பூஞ்சைகள் 42 டிகிரி செல்சியஸுக்கு மேல் வளர முடியாததால், ஜப்பானில் சூட்டுப் பைகளைக் கட்டிப் பலன் கண்டிருக்கிறார்கள். அதற்காகக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது சிகிச்சையாகாது. அது புதிய காயம். கறுப்பு மணி மைசெடோமாவுக்கு, வாரம் ஒருமுறை எடுக்கும் ஃபோஸ்ராவுகோனசோல், தினமும் எடுக்கும் இட்ரகோனசோலுக்கு இணையாக வேலை செய்கிறது என்று சூடானில் நடந்த ஆய்வு 2024-இல் தெரிவித்தது. மருந்து வாங்கவே நெடும்பயணம் போகும் ஊர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இட்ரகோனசோல் மாத்திரையுறையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான அமிலம் குறைக்கும் மாத்திரை அதை உடலில் சேரவிடாது. இதயம் பலவீனமானவர்களும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லீரல் பரிசோதனை இடையிடையே அவசியம்.

தீவுவாசிகளுக்குச் சிகிச்சை முறியும் இடம் பெரும்பாலும் மாத்திரை தீர்வதும் கப்பல் தள்ளிப்போவதும் ஒரே வாரத்தில் நிகழும்போதுதான். ஆகவே ஸ்ரீ விஜய புரத்தில் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ வேறெங்கோ மருந்து எழுதி வாங்கும்போதே மூன்று காரியங்களை முடித்துவிட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு மாத மாத்திரை கேட்டு வாங்குவது ஒன்று. அடுத்த ரத்தப் பரிசோதனையைக் கேம்பல் பேயிலேயே செய்ய முடியுமா என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குவது இரண்டு. புண்ணின் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மாதம் ஒருமுறை கைபேசியில் படமெடுத்து, அதை எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது மூன்று. புண் மறைந்த பிறகும் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்திய பின்னும் ஓராண்டுக்காவது அந்த மாதப் படம் தொடர வேண்டும்.